உலர்ந்த கருக்கள்: எரிக் சாத்தியின் வாழ்வும் ஒரு கடலட்டையும்

கடலைப் பற்றி எழுந்த மேலைநாட்டு இசைப் படைப்புகளை எண்ணுங்கால் முதலில் நினைவுக்கு வருவது குளோட் டெபுஸ்ஸி 1905ஆம் ஆண்டில் அரங்கேற்றிய 'கடல்' என்னும் பெரும்படைப்பே. பல்லியக் குழு முழுவதும் ஒருங்கே இசைக்க, கடல் கொள்ளும் கோலங்களை அது விரித்துரைக்கும். அதற்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின், பாரிசின் புறநகர் ஒன்றில் வாழ்ந்த டெபுஸ்ஸியின் நெடுநாள் நண்பரொருவர் தாமும் கடலைப் பற்றி எழுதினார். அலையையும் புயலையும் விட்டுவிட்டு, கல்லின்மேல் ஊரும் கடலட்டையை அவர் தம் பொருளாக எடுத்துக்கொண்டார். கருவியோ ஒற்றைப் பியானோ. இசைக்கும் நேரமோ ஓரிரு நிமிடங்கள்.

அவர் எரிக் சாத்தி. படைப்பின் பெயர் 'உலர்ந்த கருக்கள்'. மூன்று சிறு பகுதிகள் கொண்ட அத்தொகுப்பின் முதற்பகுதி கடலட்டைக்கு உரியது. இதனை வெறும் வேடிக்கை என ஒதுக்கினோர் அவர் காலத்திலேயே இருந்தனர், இன்றும் உளர். வேடிக்கை என்பது உண்மையே. ஆயினும் அவ்வேடிக்கை எத்தகைய வாழ்விலிருந்து பிறந்தது, எதனைத் தன்னுள் பொதிந்து வைத்தது என்பதை அவர் வரலாற்றை அறிந்தோரே உணரக்கூடும்.

துறைமுகச் சிறுவன்

சாத்தி 1866ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், பிரான்சின் வடபகுதியாகிய நார்மண்டியில், சேன் ஆறு கடலொடு கலக்கும் இடத்திலுள்ள ஓன்ஃப்ளர் என்னும் சிறு துறைமுக நகரில் பிறந்தார். தந்தை ஆல்பிரட் கப்பல் தரகர். தாய் ஜேன் லண்டனில் பிறந்தவர். ஸ்காட்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் இடையே மூண்ட போருக்குப் பின் தந்தை தம் தொழிலை விற்றுவிட்டுக் குடும்பத்துடன் பாரிசில் குடியேறினார். அங்கு 1872இல் தாய் மறைந்தார். அப்போது எரிக் ஆறு வயதுச் சிறுவன்.

தாயற்ற எரிக்கும் தம்பி கான்ராடும் மீண்டும் ஓன்ஃப்ளருக்கே, தந்தைவழிப் பாட்டன் பாட்டியிடம் அனுப்பப்பெற்றனர். அவ்வீட்டில் மறக்கவொண்ணாத மனிதர் ஒருவர் இருந்தார். அவர் சிற்றப்பா ஆத்ரியன். ஊரார் அவரைக் கடற்பறவை என்னும் பட்டப்பெயரால் அழைத்தனர். அழகுற அணிசெய்யப்பெற்ற படகு ஒன்று அவரிடம் இருந்தது. அதில் ஏறிக் கடலுக்குச் சென்றதைவிட, கரையோரம் கட்டிவைத்து அதன் அழகைக் கண்டு மகிழ்ந்ததே மிகுதி என்பர். பயன் கருதாமல் ஒரு பொருளைப் போற்றும் இக்குணம் பின்னாளில் அண்ணன் மகனிடத்தும் காணப்பட்டது. உள்ளூர்த் தேவாலயத்தின் ஆர்கன் இசைஞராகிய வினோ என்பவரிடம் எரிக் முதற்பாடம் பயின்றார். பழைய கிறித்தவத் திருச்சபை இசையின் நிதானமான, ஒற்றை இழையாய்ச் செல்லும் நடை அங்குதான் அவர் செவியில் படிந்தது.

1878இல் பாட்டி கடலில் மூழ்கி இறந்தார். உடல் ஓன்ஃப்ளரின் கடற்கரையில் கிடைத்தது. தாய்க்கு நிகராய் வளர்த்தவரைக் கடல் கொண்டபோது சிறுவனுக்கு வயது பன்னிரண்டு. அவ்வாண்டே அவர் தந்தையிடம் பாரிசுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு தந்தை மறுமணம் செய்துகொண்டார். சிற்றன்னை யூஜெனி பியானோ ஆசிரியை, முறைப்படி பயின்றவர், தாமே பாடல்கள் அமைத்தவர். அவர் முயற்சியால் எரிக் 1879இல் பாரிசு இசைக் கல்லூரியில் சேர்க்கப்பெற்றார். சிறுவனுக்கு அக்கல்லூரியும் பிடிக்கவில்லை, சிற்றன்னையும் பிடிக்கவில்லை. சோம்பேறி என்னும் பெயரைத்தான் ஆசிரியர்கள் அவருக்கு வழங்கினர். 1882இல் நீக்கப்பட்டார், 1885இல் மீண்டும் சேர்ந்தார், முன்னேற்றம் காணவில்லை. 1886இல் படைக்குச் சென்றவர், அங்கிருந்து விடுபட ஒரு வழி கண்டார். குளிர்கால இரவொன்றில் திறந்த மார்போடு வெளியில் கிடந்து மார்ச்சளி நோயை வரவழைத்துக்கொண்டார். நோய் அவருக்கு விடுதலை பெற்றுத் தந்தது.

மலைமேல் வாழ்வு

நோயிலிருந்து மீண்ட ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும், இருபத்திரண்டு வயது நிரம்பும் காலத்தில், உலகம் இன்றும் அவரை நினைக்கக் காரணமான இசை பிறந்தது. 1887இல் மூன்று 'சரபாந்து'களும், 1888இல் மூன்று 'ஜிம்னோபெதி'களும் எழுந்தன. பெருமுழக்கமும் விரைவுத்திறமும் பியானோ இசையின் உயர்வாக மதிக்கப்பட்ட காலம் அது. சாத்தியின் 'ஜிம்னோபெதி' அவ்விரண்டையும் துறந்தது. இடக்கை ஓர் ஆழ்ந்த சுரத்தையும் ஒரு மெல்லிய சேர்சுரத்தையும் மாறி மாறி இட, வலக்கை வெறும் ஒரு வரிப் பண்ணை எந்த அவசரமும் இன்றி நடத்திச் செல்லும். அதில் அழுகை இல்லை, ஆறுதலும் இல்லை. வெறுமையில் நிற்கும் தூண்களைப் போல் சுரங்கள் நிற்கும்.

அவர் பாரிசின் மோன்மார்த்தர் மேட்டில் குடியேறி, 'கருப்புப் பூனை' என்னும் பெயர்பெற்ற கேளிக்கை விடுதியில் பியானோ வாசித்துப் பிழைத்தார். கவிஞரும் ஓவியரும் கூடிக் களித்த அவ்விடத்தின் நகைச்சுவை மரபு அவர் எழுத்தில் ஆழமாக ஊன்றியது. அம்மரபின் முதன்மையாளருள் ஒருவராகிய அல்போன்சு அலேயும் ஓன்ஃப்ளரில் பிறந்தவரே என்பது கருதத்தக்கது. 1890களின் தொடக்கத்தில் டெபுஸ்ஸியின் நட்பு கிட்டியது. கால் நூற்றாண்டு நீடித்த நட்பு அது. மெல்லிய பொறாமையும் கலந்த நட்பு. ஜிம்னோபெதிகள் இரண்டினை டெபுஸ்ஸியே பல்லியக் குழுவுக்கு உரியதாக மாற்றி அமைத்தார். பிற இசைஞர் எவருக்கும் அவர் செய்யாத சிறப்பு அது.

அந்நாளில் மறைஞானக் குழு ஒன்றில் அதிகாரபூர்வ இசையமைப்பாளராகச் சிறிது காலம் இருந்த சாத்தி, அதனோடு முரண்பட்டுத் தமக்கென ஒரு திருச்சபையை நிறுவினார். அதன் தலைவரும் அவரே, குருவும் அவரே, ஒரே உறுப்பினரும் அவரே. அச்சபையின் பெயரால், தமக்கு உவப்பில்லாத திறனாய்வாளரைச் சபித்து அறிக்கைகள் வெளியிட்டார். நகைப்புக்குரிய செயலாகத் தோன்றினும், ஒருவனே உறுப்பினனாகிய சபை என்பதில் அவர் வாழ்வின் வடிவம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அச்சபைக்குள் ஒரே ஒருவர் நுழைந்தார். 1893 சனவரியில் ஓவியர் சூசான் வலடோனுடன் சாத்திக்குக் காதல் மலர்ந்தது. முன்பு வட்டரங்குக் கழைக்கூத்தில் பங்கேற்றவரும் பெரும் ஓவியர்களுக்கு மாதிரியாக அமர்ந்தவருமான வலடோன், தம் முயற்சியால் ஓவியராக உயர்ந்தவர். சாத்தியின் உருவத்தை அவர் தீட்டினார். சாத்தி அவர் உருவத்தை வரைந்தார். சூன் மாதத்தில் எல்லாம் முடிந்தது. ஐந்து மாத உறவு. அதன்பின் முப்பத்திரண்டு ஆண்டுகள் உயிர்வாழ்ந்த சாத்தியின் வாழ்வில் வேறு காதலின் சுவடு எதுவும் தென்படவில்லை. அதே காலத்தை ஒட்டி எழுந்ததாகக் கருதப்படும் 'வதைகள்' என்னும் ஒரு பக்க இசைத்தாளில், அதனை 840 முறை திரும்ப வாசிக்க விரும்புவோர்க்கென ஒரு குறிப்பு இருக்கிறது. அவர் வாழ்நாளில் எவரும் அதைச் செய்யவில்லை. 1963இல் நியூயார்க்கில் ஜான் கேஜும் தோழர்களும் முறைவைத்து வாசித்து முடித்தபோது பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஆர்கெய் அறை

1895இல் கையில் கொஞ்சம் பணம் வந்தபோது ஒரே மாதிரியான ஏழு வெல்வெட் உடைத்தொகுதிகளை வாங்கி, ஆண்டுக்கணக்கில் அவற்றையே அணிந்து திரிந்தார். பணம் தீர்ந்தது; வறுமை தொடர்ந்தது. 1898இல் பாரிசின் தென்புறத்துத் தொழிலாளர் குடியிருப்பாகிய ஆர்கெயில், நான்கு புகைபோக்கிகளால் பெயர்பெற்ற கட்டடமொன்றில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார். தண்ணீர்க் குழாய் இல்லாத அறை அது. இறக்கும்வரை அதுவே அவர் இல்லம். இருபத்தேழு ஆண்டுகளில் நண்பர் ஒருவரேனும் அவ்வறையின் வாயிலைக் கடந்ததில்லை.

நாள்தோறும் அங்கிருந்து மோன்மார்த்தருக்கு ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் நடந்து செல்வார். விடுதிகளில் வாசித்துவிட்டு நள்ளிரவுக்குப் பின் நடந்தே திரும்புவார். வழியில் தெருவிளக்குகளின் அடியில் நின்று குறிப்பேட்டில் இசை எழுதுவார் என்பர்.

1902இல் டெபுஸ்ஸியின் இசைநாடகம் 'பெலெயாசும் மெலிசாந்தும்' அரங்கேறியது. அவ்வழியில் இனி மற்றொருவர் செய்யத் தக்கது எதுவும் எஞ்சவில்லை எனச் சாத்தி உணர்ந்தார். நாற்பதை நெருங்கிய வயதில் அவர் எடுத்த முடிவு எவரும் எதிர்பாராதது. 1905இல் 'ஸ்கோலா காந்தோரும்' என்னும் இசைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்து, தம்மினும் இளையவராகிய அல்பேர் ரூசெலிடம் பல குரலிசை இலக்கணத்தை அடிப்படையிலிருந்து கற்றார். நண்பர்கள் தடுத்தனர். சோம்பேறி எனப் பெயரெடுத்த பழைய மாணவர் 1908இல் சிறப்பான தேர்ச்சியோடு சான்றிதழ் பெற்றார். வெல்வெட் உடையும் அப்போது மறைந்தது. உருண்டைத் தொப்பி, விறைத்த கழுத்துப்பட்டை, மூக்குக்கண்ணாடி, கையில் குடை என அரசு அலுவலக எழுத்தரைப் போன்ற தோற்றமே பின்னாளில் அவருக்கு நிலைத்தது. ஆர்கெயின் ஏழைச் சிறுவர்களை உலா அழைத்துச் செல்லும் பணியையும் இக்காலத்தில் அவர் விரும்பிச் செய்தார். தம் அறைக்குள் எவரையும் அனுமதிக்காதவர், தெருவில் குழந்தைகள் சூழ நடந்தார்.

கற்ற இலக்கணத்தால் என்ன பயன் என்னும் வினாவுக்கு விடை 1911இல் வந்தது. மொரீசு ரவேல் அவ்வாண்டு சனவரியில் சாத்தியின் இளமைக்கால இசையைப் பொதுமேடையில் வாசித்தார். சில வாரங்களில் டெபுஸ்ஸியும் தாம் மாற்றியமைத்த ஜிம்னோபெதிகளை மேடையேற்றினார். இளைய தலைமுறை அவரை முன்னோடி எனக் கொண்டாடியது. சாத்திக்கு மகிழ்ச்சியும் இருந்தது, மனத்தாங்கலும் இருந்தது. எல்லோரும் புகழ்ந்தது அவர் இருபது வயதில் எழுதியவற்றை. மூன்றாண்டு வருந்திக் கற்றபின் எழுதியவற்றை நாடுவார் இல்லை. படைப்பாளிக்கு இதனினும் நுட்பமான அவமதிப்பு அரிது. அந்நிலையில் புதிய பியானோத் தொகுப்புகளை வெளியிட யூஜேன் தெமே என்னும் பதிப்பாளர் முன்வந்தார். 1912 முதல் வேடிக்கைப் பெயர்கள் தாங்கிய தொகுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. அவற்றுள் ஒன்றுதான் 'உலர்ந்த கருக்கள்'.

கடலட்டையின் ஒரு நாள்

1913ஆம் ஆண்டு சூன் 30 முதல் சூலை 4 வரை, ஐந்தே நாளில் அம்மூன்று பகுதிகளும் எழுதப்பெற்றன. தலைப்பைப் பார்த்தால் உயிரியல் ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிவைத்த மாதிரிகளின் நினைவு வரும். முதலாவது கடலட்டை. அடுத்த இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டு விலங்கியலார் ஓட்டுடலிகளைப் பகுத்த முறையில் அமைந்தவை: காம்பில்லாக் கண்ணுடையவை, அசையும் காம்பின்மேல் கண்ணுடையவை. ஒவ்வொரு பகுதியின் முன்னும் பாடநூல் நடையில் ஓர் உரைக்குறிப்பு உண்டு. இசைத்தாளில் தாளக்கட்டைப் பிரிக்கும் நெடுங்கோடுகள் இல்லை. மாறாக, சுரங்களுக்கு இடையே சிறு சிறு சொற்றொடர்கள் ஓடுகின்றன.

கடலட்டை பற்றிய குறிப்பில் சாத்தி கூறும் செய்திகள் இவை. அறியாதோர் இதனைக் கடல்வெள்ளரி என்பர். இது கற்களின்மேலும் பாறைகளின்மேலும் ஏறும். பூனையைப் போல முரலும். ஈரமான பட்டிழை நூற்கும். ஒளி இதற்கு ஒவ்வாது. இத்தகைய ஒன்றைச் சான் மாலோ விரிகுடாவில் தாம் கண்டதுண்டு. (இவ்வுயிரை வெள்ளரியோடு ஒப்பிடாமல் அட்டையோடு ஒப்பிட்ட நம் மன்னார் வளைகுடா மீனவரைச் சாத்தி அறியாதோர் பட்டியலில் சேர்த்திருக்கமாட்டார் என நம்பலாம்.)

இக்குறிப்பைப் படிப்போர் எல்லாமே கற்பனை எனச் சிரித்துவிட்டுக் கடப்பர். முரலுதல் கற்பனைதான், கடலட்டைக்குக் குரல் இல்லை. எனினும் பட்டிழை முற்றிலும் பொய் அன்று. கடலட்டைகளுள் சில இனங்கள், தாக்கப்பட்டால் உடலின் பின்புறத்திலிருந்து வெண்ணிறமான, பசைபோல் ஒட்டும் இழைகளை வெளியே வீசும். பகையின் கால்கள் அவ்விழைகளில் சிக்கிக்கொள்ள, அட்டை மெல்ல நகர்ந்து தப்பும். ஐரோப்பாவின் மேற்குக் கரைகளில் வாழும் ஓர் இனத்துக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரே பருத்தி நூற்பது என்னும் பொருள் உடையது. ஒளி ஒவ்வாமையும் உண்மையே. கண்ணோ மூளையோ இல்லாத அவ்வுயிர், தோலால் ஒளியை உணர்ந்து இருள் நாடும் இயல்பினது. வேடிக்கையின் நடுவே இத்தனை உண்மைகளை ஒளித்துவைத்தவர் கடற்கரையில் வளர்ந்தவர் என்பது நினைவுக்கு வரும்.

இசையில் கடலட்டையின் ஒரு நாள் கூறப்படுகிறது. காலையில் அது வெளியே புறப்படுகிறது, மழை பெய்கிறது, கதிரவன் முகிலுக்குள். தாழ்குரலில் சிறு சுரங்கள் ஓயாது சுழல்கின்றன. அதுவே அட்டையின் முரலல். பின்னர் அழகிய பாறையொன்று எதிர்ப்படுகிறது. பாறை வந்ததும் வலக்கையில் ஒரு பழைய பாட்டின் சாயல் எழுகிறது. லோயிசா புஜே என்னும் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயற்றி வீடுதோறும் பாடப்பெற்ற அப்பாட்டு, சான் மாலோவின் பாறையை நினைந்து ஏங்குவது. சாத்தி அட்டையைக் கண்டதாகச் சொன்ன விரிகுடா எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும்: கடலிலிருந்து வரவில்லை, பாட்டிலிருந்து வந்தது. அட்டை பாசித்துரும்பு ஒன்றிடம் தன்னைச் சிரிக்கவைக்க வேண்டா எனக் கெஞ்சுகிறது. புகையிலை இல்லையே என்கிறது. நல்லவேளை தனக்குப் புகைக்கும் வழக்கம் இல்லை என்றும் சேர்த்துக்கொள்கிறது. மாலையில் வீடு திரும்புகிறது. அதன் முரலலைப் பல்வலி கொண்ட இராப்பாடிப் பறவையைப் போல வாசிக்க வேண்டும் என்பது வாசிப்போர்க்கு விடுத்த கட்டளை. முடிவில் பெரிய அரங்கிசைப் படைப்புகளின் பாணியில், ஒரே ஜி மேஜர் சேர்சுரம் மீண்டும் மீண்டும் அறையப்படுகிறது. ஓர் அட்டை தன் வளைக்குள் நுழைந்த செய்திக்கு அவ்வளவு ஆரவாரம்.

நகைச்சுவையின் உத்தி இங்குத் தெளிவு. சிறு பொருளுக்குப் பெரும் ஒப்பனை. ஆயினும் அதனடியில் மற்றொன்றும் நிகழ்கிறது. தம் பிறந்த ஊராகிய ஓன்ஃப்ளரின் கடலைச் சாத்தி இத்தொகுப்பில் பெயரிட்டுச் சொல்லவில்லை. பாட்டியைக் கொண்டுபோன அக்கரைக்குப் பதில், பாட்டுப் புத்தகத்துக் கரை ஒன்றை எடுத்துக்கொண்டார். இதனைத் திட்டமிட்ட செயல் என்று துணிய வேண்டியதில்லை. ஆனால் இரண்டாம் பகுதி தொடங்கும்போது அச்சிரிப்பின் நிறம் மாறுவதைச் செவி உணரும்.

இரண்டாம் பகுதியின் உயிர்கள் பாறைத் துளைகளில் தனித்து, துயரோடு வாழ்பவை எனக் குறிப்புக் கூறுகிறது. அவை ஒன்றுகூடுகின்றன, குடும்பத் தலைவன் ஒருவன் பேச, எல்லாம் அழுகின்றன. அப்போது ஷோப்பானின் புகழ்பெற்ற இறுதி ஊர்வல இசை சற்றே உருத்திரிந்து கேட்கிறது. ஷூபர்ட்டின் பெயர்பெற்ற மசுர்கா நடனம் இது என்று சாத்தி இசைத்தாளில் எழுதிவைத்தார். ஷூபர்ட் மசுர்கா எதுவும் எழுதியதில்லை என்பதை இசை அறிந்தோர் அறிவர். சாவின் இசையைக் கொண்டுவந்து, அது வேறொருவரின் நடனம் எனப் பொய் சொல்லும் இவ்விடம், தொகுப்பின் மிகச் சிறந்த இடம். கேட்போர் சிரிப்பர். பியானோவில் விரலை வைத்திருப்பவரால் முழுமையாகச் சிரிக்க இயலாது. ஏனெனில் அத்துயரப் பண் எவ்வளவு மாற்றினும் துயரப் பண்ணாகவே இருக்கிறது.

மூன்றாம் பகுதி வேட்டை. நண்டும் இறாலும் அடங்கிய இவ்வினம் சளைக்காத வேட்டையாடிகள், உண்பதற்குச் சுவையானவை என்னும் அறிமுகத்தோடு தொடங்கி, அக்கால வேடிக்கை இசைநாடகமொன்றின் பாட்டையும் துணைக்கழைத்துக்கொண்டு விரைகிறது. ஈற்றில் படைப்பாளியே எழுதிச் சேர்த்த கட்டாய முடிப்பு ஒன்று. பீத்தோவன் சிம்பொனிகளின் முடிவற்ற முடிவுகளை நினைவூட்டும் வகையில், எஃப் மேஜர் சேர்சுரம் நின்றுவிட்டதோ என எண்ணும்போதெல்லாம் மறுபடி ஒலிக்கும். இப்பகுதி முதலிரண்டுக்கு ஈடாகாது. மூன்று பகுதிகளும் சேர்ந்து ஏறத்தாழ ஏழு நிமிடம்.

இப்படைப்பைப் பற்றிச் சாத்தியே எழுதிய குறிப்பு ஒன்றும் உண்டு. இது எவருக்கும் விளங்காதது, தமக்கும்கூட விளங்காதது, இதன் ஆழம் தம்மையே வியக்கவைக்கிறது, விதி உந்தத் தம் விருப்பின்றி எழுதினார், ஒருவேளை நகைச்சுவைக்கு முயன்றிருக்கலாம் என்பது அதன் சாரம். தம்மைப் பற்றிய எந்த வினாவுக்கும் இவ்வாறே விடையளித்தார். நெருங்கி வருவோரின் காலில் இழைகளை வீசிவிட்டு நகர்ந்துவிடுவது அவர் வழக்கம்.

வாசிப்போனுக்கு மட்டும்

சுரங்களுக்கிடையே ஓடும் அச்சொற்றொடர்கள் யாருக்காக எழுதப்பட்டன என்பது கவிதையில் ஈடுபாடுடையோர் நின்று கருத வேண்டிய வினா. அரங்கில் அமர்ந்து கேட்போர்க்கு அவை தெரியா. அடுத்த ஆண்டு, 1914இல், மற்றொரு தொகுப்பின் தொடக்கத்தில் சாத்தி வெளிப்படையாகவே ஆணையிட்டார். இசைக்கும்போது இவ்வுரையை எவரும் உரக்கப் படித்தல் ஆகாது. மீறுவோர் தம் சினத்துக்கு ஆளாவர். அச்சில் வெளியிட்ட சொல்லை வாய்விட்டுச் சொல்லாதே எனத் தடுத்த புலவர் எம்மொழியிலும் அரியர். தனியறையில் இசைத்தாளை விரித்துவைத்து, விரல் ஒரு பக்கம் உழைக்க, கண் ஒரு பக்கம் படிக்க, சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசிக்கும் ஒரே ஒருவருக்காக அவை எழுதப்பெற்றன. அவருடைய பழைய திருச்சபையைப் போன்றே இதுவும் ஒற்றை உறுப்பினரின் சபை. வாசிக்கும் கணத்தில் அவ்வுறுப்பினர் சாத்தி அல்லர், நாம். அவ்வளவு நெருக்கத்தை அவர் நேரில் எவருக்கும் வழங்கியதில்லை.

அதே 1914இல் 'விளையாட்டுகளும் கேளிக்கைகளும்' என்னும் படங்களோடு கூடிய தொகுப்பில் கடல் மீண்டும் வந்தது. அதில் ஒரு பகுதி எண்காலிக்கு உரியது. குகைக்குள் இருக்கும் எண்காலி நண்டொன்றோடு விளையாடி, துரத்தி, விழுங்கி, புரையேறித் தவித்து, உப்புநீர் ஒரு குவளை குடித்துத் தேறுகிறது. அரை நிமிடத்துக்குள் முடியும் இசை. சொல்லும் சுரமும் படமும் ஒரே தாளில் ஒன்றாய் நிற்பதில் அவர் கைத்திறன் அங்கு உச்சத்தை அடைந்தது எனலாம்.

இறுதி ஆண்டுகள்

பெரும்புகழ் வழக்கம்போல் இரைச்சலோடு வந்தது. 1917 மே 18ஆம் நாள் கொக்தோ கதையமைக்க, பிக்காசோ காட்சியமைக்க, தியாகிலெவின் குழு ஆடிய 'பராது' என்னும் நாட்டிய நாடகத்துக்கு இசை சாத்தியுடையது. தட்டச்சுப்பொறியும் சங்கொலியும் துப்பாக்கி வெடியும் அதில் கலந்திருந்தன. அரங்கில் கூச்சல் எழுந்தது. பழித்து எழுதிய திறனாய்வாளர் ஒருவருக்குச் சாத்தி அஞ்சலட்டையில் வசை எழுதி அனுப்ப, வழக்குத் தொடரப்பட்டு எட்டு நாள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது நிறுத்திவைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே டெபுஸ்ஸியுடன் இருந்த நட்பும் முறிந்தது. டெபுஸ்ஸி 1918 மார்ச்சில் புற்றுநோயால் மறைந்தார். பிளவு ஆறவே இல்லை. அப்பிளவில் சாத்தியின் பிடிவாதத்துக்கும் பங்குண்டு என்பதை அவர்பால் அன்புடையோரும் மறுத்தற்கில்லை.

அதன்பின் சாக்ரட்டீசின் வாழ்வையும் சாவையும் பிளேட்டோவின் உரையாடல்கள் வழிப் பாடும் 'சோக்ராத்' வந்தது. அதில் வேடிக்கை ஒரு துளியும் இல்லை. நஞ்சுண்டு இறக்கும் அறிஞரின் இறுதி நேரத்தை, குரலை உயர்த்தாமல், ஏறக்குறைய பேச்சின் நடையிலேயே சொல்லிச் செல்கிறது. கடலட்டையைப் பாடியவரிடமிருந்து இத்தகைய படைப்பை எதிர்பாராத அவையோர் சிலர் அப்போதும் சிரித்தனர். வேடிக்கைக்காரர் எனப் பெயர்பெற்றவர் கொடுக்கும் விலை அது.

வாழ்நாள் முழுதும் குடித்த மது ஈரலை அழித்தது. 1925இன் தொடக்கத்தில் நோய் முற்ற, நண்பர்கள் அவரைப் பாரிசு விடுதிகளில் தங்கவைத்தனர். அங்கு அவர் தொப்பியும் மேலங்கியும் அணிந்து, குடையைக் கையில் பிடித்தபடி, நாற்காலியில் அமர்ந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். எழுந்து செல்லாமலே கதவின் தாழைத் திறக்கவும் அடைக்கவும் கயிறு ஒன்றைப் பொருத்திவைத்திருந்தார். பின்னர் புனித சூசையப்பர் மருத்துவமனையில் சேர்க்கப்பெற்று, சூலை முதல் நாள் காலமானார். ஆர்கெயிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

அடக்கத்துக்குப் பின் தம்பி கான்ராடும், இசையமைப்பாளர் தாரியுசு மியோ உள்ளிட்ட நண்பர் சிலரும் அவ்வறையைத் திறந்தனர். இருபத்தேழு ஆண்டுத் தூசி. எங்கும் குடைகள். அணியப்படாத வெல்வெட் உடைகள். சுருட்டுப் பெட்டி ஒன்றில் ஆயிரக்கணக்கான சிறு தாள்கள். அவற்றில் இல்லாத கோட்டைகளும் இல்லாத கட்டடங்களும் நுண்ணிய எழுத்தில் வரையப்பட்டிருந்தன. வலடோன் தீட்டிய உருவப்படம் இருந்தது. வாசிக்க இயலாத நிலையில் இரண்டு பியானோக்கள் இருந்தன. அவற்றின் பின்னே, பேருந்தில் தவறவிட்டதாகச் சாத்தி நெடுநாள் வருந்திய 'ஜாக் இன் தி பாக்ஸ்' என்னும் படைப்பின் கையெழுத்துப்படி விழுந்து கிடந்தது. பியானோக்களை நிறைத்திருந்தவை கடிதங்கள். அவற்றுள் பல, அனுப்பியோர் ஒட்டிய உறை பிரிக்கப்படாமலே இருந்தன.